மைக்ரோகன்ட்ரோலர் இல்லாத அலாரம்: எல்லாச் சென்சாருக்கும் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிஜிட்டல் வெப்பநிலை சென்சாரின் அலாரம் முனை ஒன்றே ரிலேயை (மின்காந்தச் சுவிட்சை) இயக்கிவிடும், மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் ஓட்டும் சிறு கணினிச் சில்லு) வேண்டாம் என்று உங்கள் அறிவியல் பக்கக் கட்டுரை சொல்கிறது. பாதிதான் சரி. மின்சாரம் போய் வந்ததும் சென்சார் எந்த வரம்போடு விழிக்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

எல்எம்75 என்ற சென்சார் சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் வரம்புகள் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கின்றன. நாம் 45 டிகிரி செல்சியஸ் என்று எழுதினாலும், மின்சாரம் ஒருமுறை போனால் மறுபடி 80-க்கும் 75-க்கும் திரும்பிவிடும். 80-ஐத் தாண்டினால் அலாரம், 75-க்குக் கீழே இறங்கினால் விடுதலை. அந்த இரண்டு எண்களும் உங்களுக்குப் பொருந்தினால் இதைவிட எளிய தெர்மோஸ்டாட் கிடையாது. 8-ஆம் முனைக்கு 5 வோல்ட், 4-ஆம் முனை கிரவுண்ட், இரண்டுக்கும் நடுவே சென்சாரை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஐ2சி என்ற தரவுத்தொடர்பு முனைகளையும் (1, 2) முகவரி முனைகளையும் (5, 6, 7) அந்தரத்தில் விடாமல், ஒன்றாகச் சேர்த்து 10 கிலோ ஓம் வழியே 5 வோல்ட்டுக்கு இழுத்துவிடுங்கள், இரைச்சல் நுழையாது.

3-ஆம் முனைதான் அலாரம். அது ஓப்பன் டிரெயின், அதாவது மின்னழுத்தத்தைக் கீழே இழுக்க மட்டுமே தெரியும். மேலே தூக்க, 5 வோல்ட்டோடு இணைக்கும் 10 கிலோ ஓம் மின்தடை (புல்-அப்) கட்டாயம். புல்-அப்பை 12 வோல்ட்டுக்குக் கொடுத்தால் சென்சார் போய்விடும், அதன் தாங்குதிறன் 6.5 வோல்ட்தான். ரிலே காயிலை நேராக மாட்டுவதும் தவறு: சில மில்லியாம்பியருக்கு மேல் அந்த முனை இழுக்காது, இழுக்கும் மின்னோட்டமே சென்சாரைச் சூடாக்கி அளவைக் கெடுக்கும்.

சூடானால் அலாரம் முனையின் மின்னழுத்தம் தாழும். மின்விசிறியை ஓட்ட வேண்டுமென்றால் ஏஓ3401 போன்ற பி-சேனல் மாஸ்ஃபெட்டும் (முனை தாழ்ந்தால் இயங்கும் மின்னணுச் சுவிட்ச்) 5 வோல்ட் ரிலேயும் போதும். காயிலின் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு. ஹீட்டரை நிறுத்த என்-சேனல் மாஸ்ஃபெட், முனை தாழ்ந்தால் அது அணையும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. சென்சாருக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் இடையே கம்பி அறுந்தால் புல்-அப் ஹீட்டரை எரியவே விடும். ஆகவே மாஸ்ஃபெட்டைச் சென்சார் பலகையிலேயே வைத்து, நீளமான கம்பியை ரிலேப் பக்கம் ஓட்டுங்கள். அது அறுந்தால் ரிலே விழும், ஹீட்டர் அணையும்.

வேறு வெப்பநிலை வேண்டுமா? டிஎஸ்1631ஏ என்ற சென்சாரை வாங்குங்கள். வரம்புகளை ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) ஒருமுறை எழுதினால் போதும், மின்சாரம் வந்ததும் தானே அளக்கத் தொடங்கும். கடைசியில் 'ஏ' இல்லாத டிஎஸ்1631 அப்படியல்ல, தொடங்கு என்ற கட்டளைக்காகக் காத்தே கிடக்கும். எம்சிபி9808 என்ற சென்சாரில் அலாரமே அணைந்த நிலையில்தான் விழிக்கும். இன்டரப்ட் முறையில் அமைத்த சென்சாரும் உதவாது, யாராவது அதன் ரெஜிஸ்டரை (உள் நினைவு அறையை) ஐ2சி வழியே படிக்கும்வரை அலாரம் விலகாது.

சென்சார் அளப்பது பெரும்பாலும் தன் முனைகள் பற்றவைக்கப்பட்ட செம்புத் தகட்டின் சூட்டை, சுற்றியுள்ள காற்றை அல்ல. ஹீட்டர் என்றால் இன்னொன்று: 75-க்கு இறங்கியதும் இந்தச் சுற்று தானாகவே அதை மறுபடி மூட்டிவிடும், ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் அணைக்கவும் முடியாது. தொடரில் ஒரு தெர்மல் ஃப்யூஸ் (சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிப்பது) இல்லாமல் ஆளில்லாத இடத்தில் ஓட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர்