தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெங்கு எதனால் பரவுகிறது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூடக் கொசுவால் என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். எந்தக் கொசு, எங்கே முட்டையிடுகிறது, எப்போது கடிக்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பெரியவர்களே தடுமாறுகிறோம். சாக்கடையைக் கைகாட்டிவிட்டு, இரவில் கொசுவலை கட்டினால் போதும் என்று இருந்துவிடுகிறோம். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டிலும் அதைச் சுற்றிலும் தேங்கும் தெளிந்த நீரில் பெருகிப் பெரும்பாலும் பகலில் கடிப்பது.

எங்கள் வீட்டிலும் இந்த அறியாமை இருந்தது. வாரந்தோறும் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துக் காலி செய்து, உடனே மறுபடி நிரப்பி வந்தோம். ஒரு நாள் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தபோது, தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சற்று மேலே கரிப்பொடி அப்பியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அவை கொசு முட்டைகள் என்று சுகாதாரப் பணியாளர் ஒருவர் சொன்ன பிறகே விளங்கியது. இம்முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். தண்ணீர் ஏறியதும் பொரித்து, வெப்பம் மிகுந்த நாட்களில் 7 முதல் 10 நாட்களுக்குள் கொசுவாகிவிடும். எனவே தண்ணீரைக் கொட்டியதோடு நிற்காமல், உட்சுவரை நார் கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவி, நிரப்பியபின் இறுக மூட வேண்டும். ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டையும், பூந்தொட்டியின் அடித்தட்டையும் இப்படியே கழுவ வேண்டும்.

காய்ச்சல் கண்ட தெருவில் புகை மருந்து அடித்துவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அந்தப் புகை பறக்கும் கொசுக்களைத்தான் கொல்லும். தொட்டியில் ஒட்டியுள்ள முட்டைகளை அது ஒன்றும் செய்யாது.

இன்னும் கவலை தருவது, ஒரு முறை டெங்கு வந்து பிழைத்தவர்கள் இனி வராது என்று அசட்டையாக இருப்பது. டெங்கு வைரஸ் 4 வகைப்படும். ஒரு வகை தாக்கியபின் வேறொரு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதை, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரிடமும் சொல்லியனுப்ப வேண்டும்.

விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் கொசுவின் படத்தைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். தங்கள் நாளிதழாவது, முட்டைகள் ஒட்டிய தொட்டிச் சுவரின் படத்தை அனைவரும் அடையாளம் காணும்படி மழைக்காலம் தொடங்கும் முன் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்