ஆடாத கோடு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் புரை ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் எழுத உட்கார விட்டார்கள். பையனுக்குக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கன்ட்ரோல் ரூம் வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். 'சென்சாரையே எவனாவது பொய் சொல்ல வைத்துவிட்டால்?' என்று அவன் கேட்டதாக எழுதியிருந்தாய். வீண் பயம் என்று தள்ளிவிடாதே.

ஈரானில் நத்தன்ஸ் யுரேனியம் ஆலைக்குள் புகுந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கம்ப்யூட்டர் வைரஸ் 2010-இல் வெளியே தெரிந்ததே, ஞாபகமிருக்கிறதா? யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழலிகளின் மோட்டாரை 1064 ஹெர்ட்ஸிலிருந்து 1410-க்கு ஏற்றியது, பிறகு 2-க்கு இறக்கியது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். என்னை அசத்தியது அதன் இன்னொரு பகுதி. வால்வுகளை மூடிச் சுழலிகளுக்குள் அழுத்தத்தை ஏற்றுவது அதன் வேலை. அதற்கு முன்னால் எல்லாம் சரியாக ஓடும்போது 21 நொடி சென்சார் ரீடிங்கைப் பதிவு செய்துகொள்ளும். தாக்கும் நேரம் முழுக்க உண்மையான ரீடிங்குக்குப் பதில் அதையே திரும்பத் திரும்ப ஓட்டும். ஹாம்பர்க்கில் ரால்ஃப் லாங்னர் என்ற ஆலைக் கணினிப் பாதுகாப்பு நிபுணர் அந்த நிரலைப் பிரித்துப் பார்த்து இதைச் சொன்னார். நம்மைப் போல ஷிப்டில் உட்கார்ந்திருப்பவன் பார்ப்பது செத்துப்போன 21 நொடியை!

ஆலையை ஒரு நிரல் மேற்பார்வை செய்து நடத்துவதற்குக் கனடாவில் வொன்ஹாமும் அவர் மாணவர் ராமாட்ஜும் 1980-களில் ஒரு கணக்கு போட்டார்கள். ஆலையில் நடப்பதையெல்லாம் நிகழ்ச்சிகளாகப் பார்ப்பது. எது அடுத்து நடக்கலாம், எது கூடாது என்பதை மேற்பார்வை நிரல் முடிவு செய்யும். திருடன் அந்த நிரலைத் தொட வேண்டியதே இல்லை. 'தொட்டி நிரம்பியது' என்ற ஒரு சேதியை வழியில் விழுங்கினால் போதும், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். நடக்காததை நடந்ததாக நுழைத்தாலும் இதே கதிதான். பொற்கொல்லன் பேச்சைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன பாண்டியனிடம் சட்டத்திலா கோளாறு?

மாற்று என்ன என்று தேடியபோது நீதான் நினைவுக்கு வந்தாய். அந்த பாய்லர் ராத்திரி. திரையில் பாய்லர் டிரம்மின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கோடு ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராகப் போனது. நான் நிம்மதியாக டீ குடித்தேன். நீ தண்ணீர் விடும் ஃபீட் வால்வை மேனுவலில் போட்டுக் கொஞ்சம் திறந்தாய், கோடு அசையவில்லை. உடனே மேலே ஓடிப்போய், டிரம்மிலேயே மாட்டியிருக்கும் கண்ணாடி அளவியை, அந்த கேஜ் கிளாஸைப் பார்த்தாய், தண்ணீர் அடியில் கிடந்தது. மட்டத்தை அளந்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை சர்வீஸ் பண்ணியவன், அதை டிரம்மோடு இணைக்கும் ஐசொலேஷன் வால்வுகளைத் திறக்காமலே போயிருந்தான்.

அதே வித்தையைத்தான் யீலின் மோ, புரூனோ சினோபோலி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் கட்டுரையாக எழுதினார்கள். கன்ட்ரோலர் தனக்கு மட்டும் தெரிந்த சின்னச் சின்ன அசைவுகளைக் கட்டளையோடு கலந்து அனுப்பும். உயிருள்ள ரீடிங் அதற்கேற்ப நடுங்கும், பழைய பதிவு நடுங்காது. கட்டுப்பாட்டின் துல்லியம் கொஞ்சம் குறையும், அந்தச் செலவு தகும் என்பேன். ஆனால் இது பழையதை ஓட்டும் பொய்க்குத்தான் மருந்து. ஆலையை நன்றாகப் படித்துவிட்டு, பதிலையும் பொருத்தமாகப் புனைகிறவனிடம் பலிக்காது. அதனால் நெட்வொர்க்கோடு சேராத கேஜ் ஒன்றாவது அங்கே இருக்கிறதா என்று பையனைப் பார்க்கச் சொல்.

தை பிறந்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு வா. எங்கள் மாடித் தொட்டியில் மிதவை சிக்கி ஒரு வாரமாகத் தண்ணீர் வழிந்திருக்கிறது. கீழே பேனலில் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். துணி காயப்போட மாடிக்குப் போன கமலாதான் கண்டுபிடித்தாள். இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

உன்,
ராமநாதன்