டப்பாவின் ஓரத்தில் நான்கு வரி போடுங்கள்

எச்ஓ அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) அமெரிக்க ஹெவிவெயிட் பயணிப் பெட்டிகளின், அதாவது அந்தக் காலத்துக் கனத்த எஃகு ரயில் பெட்டிகளின், மாதிரிகளைச் செய்து விற்கும் நிறுவனத்தார் அனைவருக்கும்,

வணக்கம். என் வீட்டு நிலவறையில் ஒரு லேஅவுட், அதாவது மாதிரி ரயில் ஓடும் சின்ன உலகம், இருக்கிறது. காலம் 1938, இலையுதிர் பருவம். இடம் பென்சில்வேனியா ரயில்வேயின் ஆல்டூனா, அங்கிருந்து மேற்கே ஏறும் மலைப்பாதை. 1854-ல் திறந்த ஹார்ஸ்ஷூ வளைவை ஒட்டுப்பலகையிலும் பிளாஸ்டரிலும் கொண்டுவர மூன்று வருஷம் ஆனது. பாதை முடிந்ததும் அதில் ஓட வண்டிகள் வேண்டுமே என்று உங்களில் ஒருவர் செய்த கோச் (உட்கார்ந்து செல்லும் பெட்டி) ஒன்றை வாங்கினேன். செங்காவி நிறம், ஜன்னல்களுக்கு மேலே தங்க எழுத்தில் ரயில்வேயின் பெயர், கதவுக் கைப்பிடிகூடத் தனியாக ஒட்டியிருந்தது. விலையும் அதற்கேற்றபடிதான்.

ஆல்டூனா பணிமனையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அதைப் பார்க்க வந்தார். கையில் எடுத்தார், கூரையைப் பார்க்கவே இல்லை. நேராகத் தலைகீழாகத் திருப்பி, ஒரு முனையில் இருந்த சக்கரங்களை விரலால் தொட்டு எண்ணினார். ஆறு. மறுமுனையிலும் ஆறு. மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "இது எங்கள் வண்டி இல்லை" என்றார். கோபமில்லை, வருத்தம்தான்.

அவர் சொன்னது சரி. பென்சில்வேனியா ரயில்வேயின் சாதாரண கோச் என்றால் அது பி70 என்ற வகுப்பு. 1907-ல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். ஹட்சன் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் போட்டு நியூயார்க்குக்குள் நுழையத் திட்டமிட்ட காலம் அது. சுரங்கத்துக்குள் மரப்பெட்டி தீப்பிடித்தால் என்ன ஆகும் என்ற பயத்தில்தான் முழுக்க எஃகுக்கு மாறினார்கள். 80 அடி நீளம். ஆனாலும் அடியில் முனைக்கு நான்கே சக்கரம். ஆறு சக்கர ட்ரக்கை (பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) அந்த ரயில்வே உணவுப் பெட்டி போன்ற கனத்த வண்டிகளுக்குத்தான் போட்டது. நான் வாங்கியது யாரோ ஒரு ரயில்வேயின் கோச், அல்லது யாருடையதும் இல்லை. அதற்குப் பென்சில்வேனியா சட்டை போட்டு அனுப்பிவிட்டீர்கள்.

அச்சு வார்க்க எவ்வளவு செலவாகும் என்பது எனக்குத் தெரியும். ஒரே அச்சை இருபது ரயில்வேயின் வண்ணத்தில் விற்றால்தான் கட்டுப்படியாகும் என்பதும் புரிகிறது. ஆனால் அந்தக் கணக்கு ஸ்லீப்பருக்கு (படுக்கைப் பெட்டி) செல்லும், கோச்சுக்குச் செல்லாது.

ஸ்லீப்பர் பெரும்பாலும் ரயில்வேயின் சொத்தே இல்லை, புல்மன் நிறுவனத்துடையது. 12 செக்‌ஷன், 1 டிராயிங் ரூம் கொண்ட வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். (செக்‌ஷன் என்றால் எதிரெதிர் இருக்கைகள் இரவில் மேல், கீழ் படுக்கையாகும் திறந்த பகுதி; டிராயிங் ரூம் என்றால் பெரிய தனி அறை.) அதைப் புல்மன் அடுக்கடுக்காகக் கட்டித் தள்ளியது. குளிர்காலம் வந்தால் வடக்கிலிருந்து வண்டிகளைத் திரட்டி புளோரிடா பக்கம் அனுப்பும். இன்று ஒரு ரயில்வேயில், அடுத்த மாதம் இன்னொன்றில். அதனால் அந்த வண்டியின் வரைபடமான பிளான் 3410-ஐ ஒழுங்காகச் செய்து, புல்மன் பச்சை அடித்து, மேலே 'புல்மன்' என்று மட்டும் எழுதினால் அதை எந்த ரயில்வேயின் லேஅவுட்டிலும் மனசாட்சியோடு ஓட்டலாம். ஒரு அச்சு, நாடு முழுக்க உண்மை.

கோச்சும் பேக்கேஜ் பெட்டியும் உணவுப் பெட்டியும் அப்படியில்லை. அவை அந்தந்த ரயில்வே தன் விருப்பத்துக்குக் கட்டிக்கொண்டவை. யூனியன் பசிபிக்கும் சதர்ன் பசிபிக்கும், இரண்டும் ஹாரிமன் என்ற முதலாளியின் கையில் இருந்த காலத்தில் வாங்கிய பெட்டிகளுக்குக் கூரையே வேறு. நடுவில் மேடு எழும்பி, பக்கவாட்டில் சின்ன ஜன்னல் வைத்த கிளியர்ஸ்டோரி அல்ல, ஒரே வளைவாக வழவழவென்று இருக்கும். எட்ட நின்று பார்த்தாலே தெரிந்துவிடும் வித்தியாசம் இது. அங்கே கிளியர்ஸ்டோரி கோச்சுக்கு அந்த ரயில்வேயின் பெயரை எழுதி விற்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

அடுத்தது கூரையின் வயது. 1931-ல் பால்டிமோர் அண்டு ஓஹையோ ரயில்வே 'கொலம்பியன்' ரயிலை முழுக்கக் குளிர்சாதனம் செய்து ஓட்டியது. அதன்பிறகு மற்ற ரயில்வேக்களும் புல்மனும் பழைய பெட்டிகளைக் குளிர்சாதனத்துக்கு மாற்றத் தொடங்கின. குளிர்காற்றுக் குழாய் பல வண்டிகளில் கூரை மேல் போனது. கிளியர்ஸ்டோரியின் ஒரு பக்கமோ இரண்டு பக்கமுமோ தகட்டால் மூடி உப்பியிருக்கும், அடியில் ஐஸ் பெட்டி தொங்கும். இது இல்லாத வண்டி 1926-க்குப் பொருந்தும். இது இருக்கிற வண்டியில் 1920-களின் எழுத்துமுறையைப் போடக்கூடாது. எழுத்தும் காலத்தோடு மாறியதுதான். புல்மன் மேல் அரசு தொடுத்த ஏகபோக எதிர்ப்பு வழக்கு முடிந்து 1940-களின் பிற்பாதியில் வண்டிகள் ரயில்வேக்களின் கைக்குப் போனபிறகு, பல வண்டிகளில் நெற்றியில் ரயில்வே பெயர் ஏறியது, 'புல்மன்' ஓரத்துக்குப் போய்ச் சின்னதானது. ஒரே வண்டியில் 1925-ன் கூரை, 1937-ன் ஐஸ் பெட்டி, 1950-ன் எழுத்து என்று மூன்றும் இருந்தால் நான் அதை எந்த வருஷத்தில் ஓட்டுவது?

பெயர்களையும் கவனியுங்கள். புல்மன் பெயர்களை வரிசை வரிசையாக வைத்தது. 'லேக்' என்று தொடங்கினால் 10 செக்‌ஷன், 1 டிராயிங் ரூம், 2 கம்பார்ட்மென்ட் (சின்ன தனி அறை). 'கிளென்' என்றால் 6 கம்பார்ட்மென்ட், 3 டிராயிங் ரூம். ஜன்னல் வரிசை வண்டிக்கு வண்டி வேறு. அறைகள் உள்ள பக்கத்துக்கும் நடைபாதை ஓடும் பக்கத்துக்கும்கூட வேறு. 12 செக்‌ஷன், 1 டிராயிங் ரூம் வண்டியின் உடம்பில் 'லேக்' பெயரைப் பார்த்தால், தெரிந்தவர்களுக்கு அது வேறொருவர் வீட்டுப் பலகையை நம் வாசலில் மாட்டியது போலத்தான் இருக்கும்.

நீளம் குறைத்த பெட்டிகளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. 80 அடி வண்டி எச்ஓவில் 28 செ.மீ. வரும். 18 அங்குல ஆர வளைவில் அது திணறும். சின்ன அறையில் பிள்ளைகளோடு ஓட்டுபவருக்குக் குறைத்த பெட்டி தேவைதான். குறைத்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும் புதிதாகச் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. டப்பாவின் ஓரத்தில் நான்கு வரி போதும்: எந்தப் பிளான் அல்லது எந்த வகுப்பு, எந்த ரயில்வேயிடம் அது உண்மையில் இருந்தது, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை இந்தத் தோற்றம், எதை விட்டிருக்கிறோம் அல்லது மாற்றியிருக்கிறோம். கற்பனை வண்ணம் என்றால் கற்பனை என்றே போடுங்கள். அழகுக்காக வாங்குபவர் அப்போதும் வாங்குவார். என்னைப் போன்றவர் ஏமாந்துபோகாமல் வேறு வண்டியைத் தேர்ந்தெடுப்பார். அப்புறம், அடுத்த அச்சுக்குப் பணம் ஒதுக்கும்போது இன்னொரு ஸ்லீப்பருக்குப் பதில் ஒரு கோச்சை, அதுவும் ஒரே ஒரு ரயில்வேயின் கோச்சை, முழுசாகச் செய்து பாருங்கள். முதலில் வரிசையில் நிற்பது நானாக இருப்பேன்.

அந்தச் செங்காவி கோச் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ரயில்வேயின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டேன். ஆறு சக்கர ட்ரக்குகளைக் கழற்றி, அவை பொருந்தும் ஓர் உணவுப் பெட்டிக்காகத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளை இருபது வருஷமாக வாங்கிவரும் ஒருவன்