வெள்ளை ஆனைக்கு என்ன வயது?

அன்பின் மச்சான் செல்வம்,

குகைச் சுவரில் நீ கண்ட வெள்ளை ஆனை ஓவியத்தின் ஐந்து படமும், அதற்கு என்ன வயது என்ற உன் கேள்வியும் வந்து சேர்ந்தன. பண்டாரவளையில் இன்னும் மழை விடவில்லை போல, கற்குகை வாசலெல்லாம் ஈரம்.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக் குகை ஓவியத்துக்கு 51,200 வருஷம் என்று 2024இல் சொன்னார்கள்தான். ஆனால் அங்கே அளந்தது சாயத்தை அல்ல, அதன்மேல் படிந்த சுண்ணாம்புப் படிவை. நீரில் யுரேனியம் கரையும், தோரியம் கரையாது. படிவுக்குள் போன யுரேனியம் சிதைந்துதான் தோரியம் சேர்கிறது. அந்த விகிதமே கணக்கு. கிடைப்பது ஓவியத்தின் குறைந்தபட்ச வயது மட்டும். பிற்பாடு நீர் யுரேனியத்தைக் கழுவிப்போனால் வயதைக் கூடுதலாகக் காட்டும். நம் மலையோ பெரும்பாலும் நைஸ் பாறை, சுண்ணாம்புக்கல் அல்ல. அந்தப் படிவுக்கு எங்கே போவது?

அடுத்தது ரேடியோ கார்பன், அதாவது உயிர்ப்பொருளில் உள்ள கார்பனை வைத்து வயது பார்க்கும் முறை. காவி இரும்பு ஒக்சைட்டு, அதில் கார்பனே இல்லை. கரிக்கோடு என்றால் சில மில்லிகிராம் போதும். ஆனாலும் தெரிவது மரம் பட்ட காலம், கீறிய காலம் அல்ல. தரையில் கிடந்த பழங்கரியை எடுத்து நேற்றுக் கீறினாலும் பழைய வயதே வரும்.

உன்னுடைய ஆனை வெள்ளை, சாம்பலாக இருக்கலாம். இலங்கைப் பழங்குடியான வேடர்களின் பெண்கள் சாம்பலை எச்சிலில் குழைத்து விரலால் கீறுவார்கள் என்று மானிடவியலாளர் செலிக்மன் தம்பதியர் 1911இல் எழுதியிருக்கிறார்கள். அதோடு ஆனை முதுகில் ஆள் இருக்கிறான். பழக்கிய ஆனை! கற்கால வேடனின் கை என்று எனக்குப் படவில்லை. சில நூறு வருஷம் என்றாலே அதிகம். கித்துல்கல பெலிலென குகையில் தரைக்கரிக்கு 30,000 வருஷத்துக்கு மேல் வந்ததை இதற்குச் சான்றாக இழுக்காதே. லயத்துச் சுவரில் பொடியன் கீறியதற்கு லயம் கட்டிய வருஷத்தைப் போட்ட கதையாகிவிடும்.

நாலாவது படத்தில் சுவர் கறுத்து நனைந்திருக்கிறதே, தண்ணீர் அடித்தாயா? கோடு பளிச்சென்று தெரியும்தான். காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பு வெளியே பூத்து, சாயத்தைச் செதிள் செதிளாகத் தள்ளிவிடும். சோக்கட்டியால் ஓரம் வரைவதும் வேண்டாம்.

அடுத்த முறை அளவுகோலும் நிற அட்டையும் பக்கத்தில் வைத்து நேராக ஒரு படம் எடு. பிறகு டோர்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து அடித்து இன்னொன்று. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் வில்லையால் வெள்ளையைப் பார். சாம்பல் கல்லின் குழிகளில் அடைந்திருக்கும். விரல் கோடு வட்டமாக முடியும். கற்பாசி ஓரம் மடிப்பு மடிப்பாக இருக்கும். பறவை எச்சம் கீழ்நோக்கி வழியும். உன் ஆனையின் பின்காலில் ஒன்று வழிகிற மாதிரித் தெரிகிறது, எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

மங்கிய நிறத்தைத் தூக்கிக் காட்டும் டீஸ்ட்ரெச் மென்பொருளில் படத்தைப் போட்டுப் பார். வெள்ளைக்குப் பெரிதாக உதவாது. அடியில் மங்கிய காவி கிடந்தால் காட்டிக்கொடுக்கும். அப்படி வந்தால், காவி முந்தியது, வெள்ளை பிந்தியது என்ற வரிசையாவது கையில் இருக்கும்.

சாயம் சுரண்டுவது தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியோடு மட்டும். நகத்தால்கூடத் தொடாதே. பின்கால் படத்தை மட்டும் முதலில் அனுப்பு.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன்,
மணி
அட்டன்