சிவப்பு முக்காடு போட்ட பெண்

அன்பு பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். "பிஷ்கெக்ல காலேஜையும் ஹாஸ்டலையும் விட்டா பார்க்க என்னப்பா இருக்கு?" என்று போனில் கேட்டாயே. கிர்கிஸ்தானின் தலைநகரில் இருந்துகொண்டு டிராயிங் மாஸ்டர் மகள் கேட்கிற கேள்வியா அது?

செம்யோன் சுய்கோவ் என்று ஓர் ஓவியர். ரஷ்யர்தான், ஆனால் 1902-இல் பிறந்தது நீ இருக்கும் ஊரில். 1950களில் நம் நாட்டுக்கும் வந்து உழைக்கும் சனங்களை வரைந்திருக்கிறார். அவர் 1948-இல் வரைந்த 'சோவியத் கிர்கீசியாவின் மகள்' படத்தை இணையத்தில் தேடிப் பார். சிவப்பு முக்காடு கட்டிய ஒரு பெண், கையில் புத்தகங்களோடு வெட்டவெளியில் நடந்து வருகிறாள். அவ்வளவுதான்.

தொடுவானத்தை எங்கே வைத்திருக்கிறார், கவனி. நன்றாகக் கீழே இறக்கிவிட்டார். அதனால் அந்தச் சின்னப் பெண் வானத்தையே மறைத்துக்கொண்டு நிற்கிறாள். ராஜாவையும் தளபதியையும் உயர்த்திக் காட்டக் கையாளும் உத்தி, இங்கே ஒரு நாடோடிக் குலத்துப் பிள்ளைக்கு வாய்த்திருக்கிறது. தலைப்பில் பிரச்சார வாடை அடிக்கிறது, சரி. அந்த நடையில் எனக்கு அடிக்கவில்லை.

அவளுடைய பாட்டன் பூட்டன் எல்லாம் கோடையில் மந்தையோடு ஜைலூ என்கிற மலை மேய்ச்சல் நிலத்துக்கு ஏறி, குளிருக்கு முன் இறங்கியவர்கள். வீடும் கூடவே போகும். மடக்குகிற மரச்சட்டம், அதன்மேல் ஆட்டுரோமத்தை அழுத்திச் செய்த தடித்த கம்பளம். உச்சியில் புகை போக ஒரு மரவளையம். நீ தினமும் பார்க்கும் அந்த நாட்டுக் கொடியின் நடுவில் இருப்பது அதுதான். 1930களில் கூட்டுப்பண்ணைகள் வந்து அவர்களை ஓரிடத்தில் உட்கார வைத்தன, பலரை வலுக்கட்டாயமாக. புத்தகம் கைக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். படம் இந்த இரண்டாவதை மட்டும் சொல்கிறது. முதலாவதையும் தெரிந்துகொண்டு பார்.

அசல் மாஸ்கோவில், ட்ரெட்யாகோவ் காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் உன் ஊர் நுண்கலை அருங்காட்சியகத்திலும் சுய்கோவ் படங்கள் உண்டு. அந்த அருங்காட்சியகத்துக்குப் பெயர் கொடுத்த கபார் அய்த்தியேவ் கிர்கிஸ் ஓவியர். அவர் மலைகளை எப்படித் தீட்டியிருக்கிறார் என்று நிதானமாகப் பார். பக்கத்தில் ஒருமுறை, பத்தடி தள்ளி ஒருமுறை.

பரீட்சை முடிந்து ஊருக்குக் கிளம்பும் முன் தோழிகளோடு சோங்-குல் ஏரிக்கும் போய் வா. 3,000 மீட்டர் உயரம், ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். கூடாரத்தில் கிமிஸ் கொடுப்பார்கள். புளித்த குதிரைப்பால், லேசாகப் போதை உண்டு. குடித்தாயா என்று அம்மா கேட்பாள். நான் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அப்பா