இறப்பில் ஏன் இந்த இடைவெளி?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் 2023இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மார் 50.3 பேர் கர்ப்பம், பிரசவம் தொடர்பான காரணங்களால் இறந்தனர், வெள்ளையினத்தவரில் 14.5. இதற்கு மரபணுவைக் காரணம் காட்டுவது தவறு. படித்த, வசதியுள்ள கறுப்பினப் பெண்களிடமும் இடைவெளி நீடிக்கிறது.

சிகிச்சை தர வேண்டிய நேரம்தான் பெரும்பாலும் தவறுகிறது. கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தில் மேல் அளவு 160ஐயோ கீழ் அளவு 110ஐயோ தொட்டு 15 நிமிடம் நீடித்தால், ஒரு மணி நேரத்துக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் லாபெட்டலால், ஹைட்ராலசின், நிஃபெடிபின் ஆகிய மருந்துகளில் ஒன்றைத் தர வேண்டும். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட். தலைவலிக்கிறது, கண் மங்குகிறது என்று அந்தப் பெண் சொல்வதை நம்பாவிட்டால் அந்த ஒரு மணி நேரம் கைநழுவிவிடும். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் இந்த ஆபத்து உண்டு.

பிரசவத்தின்போது ஏற்படும் ரத்தப்போக்கையும் கண்ணால் மதிப்பிடக் கூடாது. நனைந்த துணியை எடைபோட வேண்டும். கூடுதலாகும் ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லிலிட்டர் ரத்தம். கலிபோர்னியாவில் ரத்தப்போக்குக்கு ஒரே சீரான நடைமுறையைக் கொண்டுவந்த மருத்துவமனைகளில் ரத்தப்போக்கால் வரும் கடும் சிக்கல்களில் இனங்களுக்கு இடையிலான இடைவெளி குறைந்தது.