படகுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவே: மீன்பிடித் துறைமுகங்களைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மீன்பிடித் துறைமுகங்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கும், கட்டி முடித்தபின் நாள்தோறும் நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

கிழக்குக் கரையிலுள்ள ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். துறைமுகத்தின் பெயரை வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் இது ஓர் ஊரின் புகாராகச் சுருங்கி, அந்த ஊருக்கு வரும் ஒரு பதில் கடிதத்தோடு கோப்பு மூடப்பட்டுவிடும். காசிமேட்டிலோ கடலூரிலோ, நாகப்பட்டினத்திலோ மல்லிப்பட்டினத்திலோ, தூத்துக்குடியிலோ சின்னமுட்டத்திலோ வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால், ஒன்றிரண்டு விவரங்கள் தவிர மற்றவை தங்கள் இடத்துக்கும் பொருந்துவதாகவே சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

நான் எழுத வந்தது அலைதடுப்புச் சுவரைப் பற்றியோ, முகத்துவாரத்தைத் தூர்வாருவதைப் பற்றியோ அன்று. அவற்றுக்காகக் குரல் கொடுக்கப் படகு உரிமையாளர் சங்கங்கள் இருக்கின்றன. கோடிகளில் மதிப்பிடப்படும் வேலைகள் என்பதால் நீங்களும் அவற்றைக் கவனிக்கிறீர்கள். படகு வந்து கயிறு கட்டிய நிமிடத்திலிருந்து, அதிலுள்ள மீன் வாங்கியவரின் ஐஸ் பெட்டிக்குள் போய்ச் சேரும் வரையிலான இரண்டு மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். தூரத்தால் சில பத்து மீட்டர்கள்தாம். எங்கள் தொழிலில் அதிகம் வீணாவதும், அதிகம் உடம்பு நோவதும் அந்தத் தூரத்தில்தான்.

கடலில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆழ்கடலுக்குப் போகும் ஒரு விசைப்படகு பத்து, பதினைந்து நாள் தங்கலுக்கு டீசல், குடிநீர், சமையல் சாமான்களோடு டன் கணக்கில் ஐஸையும் ஏற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு ஐஸ் பாரும் ஐம்பது கிலோ அளவில் இருக்கும். அதை இயந்திரத்தில் போட்டு நொறுக்கிக் கிடங்கில் நிரப்புவார்கள். வலை இழுத்ததும் மீனைத் தரம் பிரித்து, ஓர் அடுக்கு ஐஸ், ஓர் அடுக்கு மீன் என்று அடுக்கி மூடிவிடுவார்கள். அதன்பின் கிடங்கின் மூடியைத் தேவையில்லாமல் திறந்தால் படகை ஓட்டும் டிரைவர் திட்டுவார். அத்தனை நாள் கட்டிக் காத்த அந்தக் குளிர்ச்சி, கரையில் மூடி திறந்த பிறகு யாருடைய பொறுப்பு என்பதுதான் என் கேள்வி.

படகுகள் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு வந்து சேரும். விடியலுக்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். ஜெட்டியில், அதாவது படகுகள் அணைந்து நிற்கும் தளத்தில், இடம் இருக்காது. முந்திய நாள் மீன் இறக்கிய படகும், நாளை கிளம்பப் போவதற்கு ஐஸ் ஏற்றும் படகும், எஞ்சின் பழுதாகி மாதக்கணக்கில் நிற்கும் படகும் அதே விளிம்பில் கட்டப்பட்டிருக்கும். ஆகவே புதிதாக வந்த படகு மூன்றாவது, நான்காவது வரிசையில் நின்றுகொள்ள, கூடைகள் மற்றப் படகுகளின் தளங்களைத் தாண்டிக் கைமாறி வருகின்றன. ஈரமான பலகையில், போதிய வெளிச்சமில்லாமல், முப்பது நாற்பது கிலோ கூடையோடு ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்குக் கால் மாற்றி வைக்கும்போது வழுக்கி விழுந்து முதுகு போனவர்கள் எங்கள் துறைமுகத்திலேயே பலர் இருக்கிறார்கள். கடலில் அடிபட்டால் செய்தியாகிறது. ஜெட்டியில் அடிபடுவது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

கரைக்கு வந்த மீனைத் தார்ப்பாய் விரித்து, சில நேரம் அதுவும் இல்லாமல் வெறும் சிமென்ட் தரையிலேயே கொட்டுகிறார்கள். வஞ்சிரம், வவ்வால் ஒரு பக்கம், சங்கரா, பாறை ஒரு பக்கம், கடம்பாவும் இறாலும் தனித்தனியாக, தீவன ஆலைக்குப் போகும் கழிவு மீன் கடைசியாக என்று பிரிக்க முக்கால் மணி நேரம் ஆகும். ஏலக்காரர் வரும் வரை குவியல் அப்படியே கிடக்கும். வியாபாரி குனிந்து, கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். செவுள் இரத்தச் சிவப்பாக இருந்தால் ஒரு விலை. பழுப்பு ஏறியிருந்தால் வேறு விலை. வயிற்றை அழுத்திப் பார்ப்பார். விரல் பட்ட இடம் குழிந்தே நின்றால் குவியலுக்கே விலை இறங்கிவிடும். ஒரே கிடங்கில் ஒரே நாள் பிடித்து வைத்த சங்கராவின் முதல் கூடையும் கடைசிக் கூடையும் ஒரே விலைக்குப் போன நாள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டீசல், ஐஸ், ரேஷன் செலவுகளைக் கழித்து மிஞ்சுவதில்தான் படகுக்காரருக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு பிரிக்கப்படுகிறது. செலவு மாறுவதில்லை என்பதால், தரையில் இறங்கிய விலை முழுவதும் அந்தப் பங்கிலிருந்தே போகிறது. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இதை நான் நன்றாகவே அறிவேன்.

இதில் அறிவியல் ஐயம் ஒன்றும் இல்லை. உங்கள் துறைகளின் பயிற்சிக் கையேடுகளே இதைச் சொல்கின்றன. உருகும் ஐஸில், அதாவது 0 டிகிரி செல்சியஸில் இருக்கும் மீனைவிட 10 டிகிரியில் இருக்கும் மீன் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாகக் கெடுகிறது. எங்கள் ஜெட்டியின் தரை எத்தனை டிகிரி என்று யாராவது அளந்து பார்த்தால் நல்லது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் குளிர்ச்சி இழந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது; ஒருமுறை உருவான ஹிஸ்டமினை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போக்க முடியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் அரித்தால், மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாமல் போனது பல நேரம் மீன் அன்று, அது கிடந்த தரை. திருவொற்றியூர்க் குப்பத்தில் சூரை மீனுக்கென்றே தனித் துறைமுகம் கட்டும் அளவுக்கு அந்த மீனுக்கு மதிப்புத் தரும்போது, இறக்கும் தளத்தின் வெப்பத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

அடுத்தது தண்ணீர். ஏலம் முடிந்த மீனை அலச நல்ல தண்ணீர் வேண்டும். குழாய் இருக்கும் இடத்தில் தண்ணீர் வருவதில்லை, தண்ணீர் வரும் நேரத்தில் மீன் இல்லை. ஆகவே வாளியில் கயிறு கட்டி, துறைமுகத்துக்குள் தேங்கி நிற்கும் நீரையே மொண்டு ஊற்றுகிறார்கள். படகுகளின் அடித்தள எண்ணெய்க் கழிவும், கழுவி விட்ட இரத்தமும், பல இடங்களில் ஊர்ச் சாக்கடையும் கலக்கும் நீர் அது. 2018-இல் மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது எங்கள் துறைமுகத்திலும் சில வாரங்கள் விற்பனை படுத்துவிட்டது. சோதனை நடத்தியது சரிதான், நடத்தத்தான் வேண்டும். ஆனால் கெடாமல் வைக்க மருந்து தேடுகிறவர்களைப் பிடிப்பதோடு நிற்காமல், மருந்தே தேவைப்படாதபடி ஐஸும் குடிநீர்த் தரமுள்ள தண்ணீரும் ஏலத் தளத்தில் கிடைக்கச் செய்வதைப் பற்றி அப்போது யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இனி, இந்தத் தளத்தில் நிற்பவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். திட்ட அறிக்கைகளில் ‘பயனாளிகள்’ என்ற தலைப்பின் கீழ்ப் படகுகளின் எண்ணிக்கையும் மீனவர்களின் எண்ணிக்கையும் இருக்கும். அதிகாலை மூன்று மணிக்கு ஏலத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் பெரும்பகுதி பெண்கள் என்பது அந்தப் பக்கங்களில் தெரிவதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு கூடையை ஏலத்தில் எடுத்துப் பங்கிட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்கும் அக்காமார்கள், ஜெட்டி ஓரத்திலேயே அரிவாள்மனை போட்டு மீன் வெட்டித் தரும் அம்மாக்கள், இறால் தலை கிள்ளுகிறவர்கள், விலை போகாததை வாங்கிக் கருவாடு போடுகிறவர்கள் என்று பலரும் அதில் உண்டு. பொழுது விடிய மூன்று மணி நேரத்துக்கு முன்பே வந்துவிடும் இவர்களுக்குக் கழிப்பறை எப்போது திறக்கிறது தெரியுமா? பொறுப்பாளர் வேலைக்கு வரும் ஒன்பது மணிக்கு. அதற்குள் ஏலம் முடிந்து அவர்கள் ஊருக்குள் பாதித் தெரு சுற்றியிருப்பார்கள். அடக்கி வைத்தும், அடக்க வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தும் வரும் நோய்களை நீங்கள் மருத்துவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வாங்கிய மீனை அவர்கள் எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பதும் உங்கள் வரைபடத்தில் இருக்க வேண்டிய விஷயம். பெரிய வியாபாரிக்கு மீன்பாடி வண்டியும் டெம்போவும் உண்டு. இவர்களிடம் இருப்பது அலுமினிய அன்னக்கூடை. குண்டும் குழியுமான தளத்தில் சக்கர வண்டி ஓடாது என்பதால், பேருந்து நிற்கும் இடம் வரை தலைச்சுமைதான். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர், நாற்றம் வீசுகிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டதைத் தமிழ்நாடே பேசியது. நடத்துநர் தண்டிக்கப்பட்டார், சரி. மூடியுள்ள பெட்டியும், கை கால் கழுவிப் புடவை மாற்ற ஓர் அறையும், துறைமுகத்து வாசலிலேயே ஒரு பேருந்து நிறுத்தமும் எல்லா மீன்பிடித் துறைமுகங்களிலும் வேண்டும் என்று அதிலிருந்து யாரும் உத்தரவு போட்டதாக நான் அறியேன்.

துறைமுகப் பொறியியல் பாடத்தில், மீன் இறக்கும் தளம், பயணத்துக்குச் சாமான் ஏற்றும் தளம், படகு ஓய்வாக நிற்கும் தளம் ஆகிய மூன்றையும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்று இருக்கிறது. பல துறைமுகங்களின் வரைபடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. நடைமுறையில் அதைக் காப்பாற்ற ஆள் இல்லை. மீன் இறக்கி முடித்த படகை அரை மணி நேரத்தில் ஓய்வுத் தளத்துக்கு நகர்த்தச் சொல்ல அதிகாரமுள்ள ஒருவர் அதிகாலை இரண்டு மணிக்குப் பணியில் இருந்தாலே, நான் மேலே சொன்ன சிக்கல்களில் பாதி தீர்ந்துவிடும். இதற்குப் புதிய ஜெட்டி வேண்டாம், ஓர் இரவுப் பணி இடம் போதும். படகுக்காரர்கள் முதலில் முணுமுணுப்பார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் ஆட்களில் சிலருக்கு ஜெட்டி விளிம்பு சொந்த வீட்டுத் திண்ணை போல ஆகிவிட்டது. ஆனால் தங்கள் படகு மூன்றாவது வரிசையில் நின்று விலை இழந்த நாளை அவர்களும் மறந்திருக்க மாட்டார்கள்.

பணம் இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. 2020-இல் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டம் ரூ.20,050 கோடி மதிப்பீட்டில் அறிவிக்கப்பட்டது. 2021-22 ஒன்றிய பட்ஜெட்டில் கொச்சி, சென்னை, விசாகப்பட்டினம், பாராதீப், பெட்டுவாகாட் ஆகிய ஐந்து துறைமுகங்களைப் பெரிய அளவில் மேம்படுத்துவதாகச் சொன்னார்கள். கட்டுவதற்குப் பணம் வருகிறது. கட்டிய குழாய்க்கு வாஷர் மாற்றுவதற்குத்தான் யாரிடமும் செலவுத் தலைப்பு இல்லை. எங்களிடம் வசூலிக்கும் நுழைவுக் கட்டணத்திலும் படகுக் கட்டணத்திலும் ஒரு பகுதியை அதே துறைமுகத்தின் அன்றாடப் பராமரிப்புக்கு என்று ஒதுக்கி, செலவை ஏலக்கூடத்துச் சுவரில் மாதந்தோறும் எழுதிப் போடுங்கள். அதை முடிவு செய்யும் குழுவில் படகுக்காரர்களோடு மீன் விற்கும் பெண்கள் இருவரும், சுமை தூக்குவோர் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். தளம் எங்கே வழுக்குகிறது என்பதை அவர்கள்தாம் சொல்ல முடியும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் நீட்டித்தீர்கள், நாங்களும் பழகிக்கொண்டோம். விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும் அந்த இரண்டு மாதங்களில் ஏலத் தளம் ஏறத்தாழக் காலியாக இருக்கும். நாட்டுப்படகுகளின் மீனை இறக்க ஒரு மூலை விட்டால் போதும். தரையைச் சரிவாக இழைத்து வடிகால் அமைக்கவும், கூரையை விளிம்பு வரை நீட்டவும், குழாய்களை மாற்றவும் ஆண்டில் அதைவிட வசதியான காலம் கிடையாது. ஆனால் எங்கள் துறைமுகத்தில் வேலை தொடங்குவது எப்போதும் ஜூலையில்தான். தடை முடிந்து கடலுக்குப் போன படகுகள் எல்லாம் சில நாள் இடைவெளியில் ஒன்றாகத் திரும்பி, மீன் குவிந்து, ஐஸ் கிடைக்காமல் அல்லாடும் நேரத்தில் ஜல்லியும் மணலும் கொண்டுவந்து தளத்தில் கொட்டுகிறார்கள். நிதியாண்டு, ஒப்பந்தப்புள்ளி, ஒப்புதல் என்று காரணம் சொல்லப்படுகிறது. தடைக்காலம் எந்தத் தேதியில் வரும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த ஒன்று என்பதால், வரும் முறையாவது ஒப்பந்தப்புள்ளியை ஜனவரிக்குள் முடித்து, ஏப்ரல் 15 காலையில் ஆட்கள் வேலையில் இறங்கும்படி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விசைப்படகுக் கணக்குப்பிள்ளை ஒருவன்